பிரார்த்தனை முடிந்த பிறகு என்ன செய்வது? புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செய்தியைத் திறந்தால் ஒரு பக்கம் வெள்ளம், இன்னொரு பக்கம் வறட்சி, நடுவில் வீட்டையும் வேலையையும் இழந்து நிற்கும் மனிதர்கள். கடவுள் நம்பிக்கை உள்ளவர்களுக்கு இதையெல்லாம் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் சேர்ந்தே எழும்: நான் வணங்கும் தெய்வத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் ஒரு ஆள் என்ன செய்துவிட முடியும்? இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்வியில் நிற்பவர்களுக்காக. முதல் கேள்வி, வேலையில் இறங்கிய பிறகு தானாகவே தெளிய ஆரம்பிக்கும். குறைந்தபட்சம், நான் பார்த்தவரை அப்படித்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சூழலைப் பற்றிய அறிவு விஞ்ஞானிகளிடம் இருக்கிறது, அதிகாரம் அரசிடம் இருக்கிறது, பணம் பெரிய நிறுவனங்களிடம் இருக்கிறது. நம்பிக்கையாளர்களிடம் இருப்பது விடாமல் கூடும் பழக்கம். யார் வந்தாலும் வராவிட்டாலும் குறிப்பிட்ட நாளில் விளக்கேற்றி, பாய் விரித்து, கதவைத் திறந்து வைக்கிறோமே, அது சாதாரண விஷயமில்லை. பெரும்பாலான சமூக முயற்சிகள் இரண்டாவது வருடத்தைப் பார்க்காமலே போய்விடுவதற்கு அந்தப் பழக்கம் இல்லாததுதான் காரணம்.

ஒரு உதாரணம் போதும். 1688இல் அமெரிக்காவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நான்கு பேர் அடிமை முறையை எதிர்த்து ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். அந்த மனுவை அவர்களுடைய சபை அடுத்த சபைக்கு அனுப்பியது, அங்கிருந்து அதற்கும் மேலே போனது, கடைசியில் இது எங்களால் தீர்க்கக்கூடியது இல்லை என்று ஓரமாக வைத்துவிட்டார்கள். ஆனாலும் அதே சபைக்குள் பேச்சு நிற்கவில்லை. ஜான் வுல்மன் என்பவர் அடிமைகளை வைத்திருந்த சக குவேக்கர்களின் வீடுகளுக்கே போய், உட்கார்ந்து, சண்டை போடாமல் பேசினார். அங்கே தங்க நேர்ந்தால் தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்தார். 1776இல்தான் பிலடெல்பியாவின் ஆண்டுச் சபை, அடிமை வைத்திருப்பவர் யாரும் உறுப்பினராக இருக்க முடியாது என்று முடிவெடுத்தது. நடுவில் 88 வருடங்கள். வுல்மன் அதைப் பார்க்கவில்லை, 1772இலேயே இறந்துவிட்டார். வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தர்மசாலையில் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது என்றால், அதுவும் இதே பழக்கத்தின் பலம்தான்.

சரி, நீங்கள் எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதல் படி: துக்கத்துக்கு இடம் கொடுங்கள்

எல்லோரும் நேராக வேலைக்குப் போகத்தான் நினைப்பார்கள். மரம் நடலாமா, ஊர்வலம் போகலாமா என்று. கொஞ்சம் பொறுங்கள். சுற்றுச்சூழல் நாசத்தைப் பார்த்து மனதுக்குள் சேர்ந்திருக்கும் பயம், கோபம், குற்ற உணர்வு எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு வேலை செய்பவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோவார்கள், அல்லது கூட இருப்பவர்கள் மேல் எரிந்து விழுவார்கள். பௌத்த அறிஞரும் செயல்பாட்டாளருமான ஜோவானா மேசி இதற்காகவே பல பத்தாண்டுகள் பயிற்சி முகாம்கள் நடத்தினார். அவர் வகுத்த வரிசை எளிமையானது: முதலில் நன்றி, பிறகு உலகத்துக்காக உணரும் வலியை மதிப்பது, பிறகு புதிய கண்ணோடு பார்ப்பது, கடைசியாகச் செயலுக்குக் கிளம்புவது. செயல் நான்காவதாகத்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

இதை உங்கள் இடத்தில் நடத்த எந்தப் பயிற்சியும் தேவையில்லை. ஆறிலிருந்து பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம், வட்டமாக உட்காருங்கள். போன்களை அணைத்து ஒரு ஓரமாக வையுங்கள். உங்கள் மரபில் வழக்கமான ஒரு பிரார்த்தனையோ, ஐந்து நிமிட மௌனமோ முதலில் இருக்கட்டும். அப்புறம் ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் பேசலாம், குறுக்கே யாரும் பேசக்கூடாது, ஆறுதலும் சொல்லக்கூடாது. முதல் சுற்றில் கேள்வி: இந்த பூமியில் எதற்காக நீங்கள் நன்றியோடு இருக்கிறீர்கள்? இரண்டாவது சுற்றில்: எது அழிந்துகொண்டிருப்பதை நினைத்தால் உங்களுக்கு வலிக்கிறது? யாராவது அழுதால் அழட்டும், அடுத்தவர் காத்திருக்கலாம். யோசனை சொல்ல ஆசைப்படுபவர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார், “என்ன செய்யலாம்னா...” என்று ஆரம்பிப்பார். அன்போடு நிறுத்துங்கள். தீர்வு பேச வேறொரு நாள் இருக்கிறது. கூட்டம் முடிந்து கலையும் முன் அடுத்த கூட்டத்தின் தேதியை மட்டும் முடிவு செய்யுங்கள். இந்த வட்டத்தை மாதம் ஒருமுறையாவது தொடர்ந்து வையுங்கள், வேலை மும்முரமாக நடக்கும்போது முதலில் கைவிடப்படுவது இதுதான், அப்போதுதான் இது அதிகம் தேவைப்படும்.

இரண்டாவது படி: பாதிக்கப்பட்டவர் முதலில் பேசட்டும்

ஒரே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள். பருவநிலை மாற்றம் என்று எடுத்தால் எங்கே பிடிப்பது என்று தெரியாது. நடந்து போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் உள்ள ஒன்றாக இருக்கட்டும்: நாறும் ஒரு கால்வாய், குப்பை எரிக்கும் ஒரு திடல், தண்ணீர் வராத ஒரு தெரு, வெயில் காலத்தில் நிழலே இல்லாமல் வேலை செய்பவர்கள்.

தேர்ந்தெடுத்தவுடன் திட்டம் போடாதீர்கள். அங்கே வாழ்பவர்களிடம் போய்க் கேளுங்கள். அதுவும் ஒருமுறை போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு வருவதில் பிரயோஜனமில்லை. மூன்று நான்கு முறையாவது, கையில் எந்த உதவிப் பொருளும் இல்லாமல், சும்மா கேட்டுக்கொள்ள மட்டும் போங்கள். “உங்களுக்கு இதில் எது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது? இதுவரை யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள்? அவர்கள் என்ன சொன்னார்கள்?” என்ற மூன்று கேள்விகள் போதும். கால்வாய் நாற்றம்தான் பிரச்சினை என்று நினைத்துப் போவீர்கள், அங்கே உள்ள பெண்கள் இரவில் அந்தப் பக்கம் விளக்கு இல்லாததைச் சொல்வார்கள். சுற்றுச்சூழல் பிரச்சினையும் சமூகப் பிரச்சினையும் தனித்தனியாக இல்லை என்பதை அங்கே நின்றால் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்ளலாம்.

இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் வாரன் கவுண்டி என்ற ஏழைப் பகுதி, அங்கே பெரும்பான்மையானவர்கள் கறுப்பின மக்கள். பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த மண்ணைக் கொண்டுவந்து அங்கே புதைக்க மாநில அரசு முடிவு செய்தது. 1982இல் லாரிகள் வந்தபோது மக்கள் தேவாலயத்தில் கூடி, பிரார்த்தனை செய்து, அங்கிருந்து நடந்து போய் சாலையில் குறுக்கே படுத்தார்கள். வாரக்கணக்கில் நடந்த போராட்டத்தில் 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கிடங்கைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அங்கே கூட நின்ற ஒருங்கிணைந்த கிறிஸ்து சபை என்ற அமைப்பின் இன நீதிக் குழு, நாடு முழுவதும் நச்சுக் கழிவுகள் எங்கே கொட்டப்படுகின்றன என்று கணக்கெடுத்தது. 1987இல் வெளியான அந்த அறிக்கை, அப்படிப்பட்ட இடங்களைத் தீர்மானிப்பதில் வருமானத்தைவிட இனமே வலுவான காரணி என்று காட்டியது. சுற்றுச்சூழல் நீதி என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் இயக்கத்தின் தொடக்கம் என்று பலரும் இந்தப் போராட்டத்தைத்தான் சொல்கிறார்கள். முதலில் வலியை அனுபவித்தவர்கள், அவர்களோடு நின்ற சபை, அதற்குப் பிறகு ஆய்வு: அந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது படி: உங்கள் மரபில் ஏற்கெனவே இருப்பதைத் தேடுங்கள்

இதற்கு ரொம்ப நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் தவிர்க்கவும் கூடாது. நீங்கள் வெளியிலிருந்து ஏதோ புதுக் கொள்கையைக் கொண்டுவருகிறீர்கள் என்று உங்கள் சபையில் நினைத்துவிட்டால் பாதிப் பேர் காதை மூடிக்கொள்வார்கள். நபிகள் நாயகம் ஒரு ‘முத்’ அளவு தண்ணீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீரில் உளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்தார் என்ற செய்தி முஸ்லிம் சபையில் எந்தப் புள்ளிவிவரத்தையும்விட ஆழமாக இறங்கும். யூத மரபில் ஏழாவது வருடம் நிலத்துக்கு ஓய்வு. ராஜஸ்தானின் பிஷ்னோய் சமூகத்துக்கு அவர்களுடைய குரு ஜம்பேஸ்வரர் வகுத்த 29 நெறிகளில் பச்சை மரத்தை வெட்டாமையும் ஒன்று. 1730இல் கேஜர்லி கிராமத்தில் ஜோத்பூர் மன்னரின் ஆட்கள் மரம் வெட்ட வந்தபோது அம்ருதா தேவி தொடங்கி 363 பேர் மரங்களைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டது அந்த நெறிக்காகத்தான்.

அண்மைக் காலத்திலும் ஆதாரங்கள் நிறைய உண்டு. 1986இல் இத்தாலியின் அசிசியில் ஐந்து மதங்களின் பிரதிநிதிகள் இயற்கைப் பாதுகாப்புக்காகக் கூடினார்கள். 1997இல் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத் திருச்சபையின் முதுபெரும் தலைவர் பர்த்தலோமேயு, இயற்கைக்கு எதிராகக் குற்றம் செய்வது பாவம் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2015இல் போப் பிரான்சிஸ் பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கச் சொல்லி ஒரு சுற்றுமடல் வெளியிட்டார், அதே வருடம் ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் முஸ்லிம் அறிஞர்கள் பருவநிலைப் பிரகடனம் வெளியிட்டார்கள். உங்கள் மரபுக்கு எது பொருந்துமோ அதில் ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் எழுதி, பெரியவர்களிடம் கொடுங்கள். மதம் எதையும் சாராதவர் என்றால் உங்களைத் தாங்கிப் பிடிக்கும் விழுமியம் எது என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும்.

நான்காவது படி: சொந்தக் கட்டடத்தில் ஆரம்பியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான், காரணம் இதில் யாரிடமும் கெஞ்ச வேண்டாம், பலன் கண்ணுக்குத் தெரியும், தொழிற்சாலைக்காரரைக் கேள்வி கேட்கப் போகும்போது “உங்க இடத்துல என்ன நடக்குது?” என்று அவர் திருப்பிக் கேட்டால் பதிலும் இருக்கும்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். இரவு கடைசி ஆள் கிளம்பும்போது எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு வாட்டர் மீட்டர் எண்ணைப் போட்டோ எடுங்கள். மேல்நிலைத் தொட்டி இருந்தால் அது நிரம்பி நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி நிரம்புவதையும் கசிவு என்று நினைத்துக்கொள்வீர்கள். காலையில் முதல் ஆள் வந்து எந்தக் குழாயையும் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மீட்டர் இல்லாத இடத்தில் தொட்டிக்குள் நீர் நிற்கும் மட்டத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்க்கலாம். முதல் சந்தேகம் கழிவறை ஃபிளஷ் டேங்க் மேல்தான் இருக்க வேண்டும்: டேங்குக்குள் கொஞ்சம் வண்ணத்தைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள், யாரும் ஃபிளஷ் பண்ணாமலே கோப்பைக்குள் நிறம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது. அதை மாற்ற பெரிய செலவு இல்லை. இரண்டு வாரம் கழித்து அதே சோதனையைச் செய்து, முன்னும் பின்னும் உள்ள எண்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பேசிப் பேசி நம்ப வைக்க முடியாதவர்கள் அந்த இரண்டு எண்களைப் பார்த்து அருகில் வருவார்கள்.

அப்புறம் மின்சாரம், கூரை, குப்பை, விழாக்களில் மிஞ்சும் உணவு என்று ஒவ்வொன்றாகப் போகலாம். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தொடாதீர்கள்.

மரம் நடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள், தடுக்க வேண்டாம், ஆனால் புதிதாக நடுவதற்கு முன்னால் இருப்பதைக் காப்பாற்றுங்கள். எத்தியோப்பியாவின் வடக்கு மலைப்பகுதியில் சுற்றிலும் காடு அழிந்து விளைநிலமாகிவிட்ட இடங்களில், ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களைச் சுற்றி மட்டும் பழைய காடு வட்ட வட்டமாகத் தப்பியிருக்கிறது. அதையும் ஆடுமாடு மேய்ந்து இளங்கன்றுகள் இல்லாமல் போகும் நிலை வந்தபோது, ஆய்வாளர்களும் குருமார்களும் சேர்ந்து செய்தது கல் சுவர் கட்டியதுதான். வயலில் கிடந்த கற்களையே பொறுக்கிக் கட்டினார்கள். சுவருக்கு உள்ளே கன்றுகள் தானாக முளைத்தன. நீங்கள் நடுவதாக இருந்தால் மண்ணுக்கு உரிய இனத்தை நடுங்கள், அடுத்த இரண்டு வருடம் யார் எந்தக் கிழமை தண்ணீர் ஊற்றுவது என்ற பெயர்ப் பட்டியல் கையில் இல்லாமல் குழி தோண்டாதீர்கள்.

ஐந்தாவது படி: நிர்வாகக் குழுவிடம் பேசுவது

பலரும் பயப்படும் இடம். சின்ன யோசனை: புகாராகப் போகாதீர்கள், ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள், அதற்கு ஆகும் செலவும் பொறுப்பேற்கும் இருவரின் பெயரும் அதே தாளில் இருக்கட்டும். மீட்டர் எண்கள் இங்கேதான் கைகொடுக்கும். ஓரளவு நம்பிக்கை வந்த பிறகு பணத்தைப் பற்றிக் கேளுங்கள்: நம் சபையின் சேமிப்பு எங்கே போடப்பட்டிருக்கிறது, அது எதற்குப் பயன்படுகிறது? இது அத்துமீறிய கேள்வி இல்லை. உலகத் திருச்சபைகள் மன்றம் புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களில் முதலீடு செய்வதில்லை என்று 2014இலேயே முடிவெடுத்தது. இங்கிலாந்து திருச்சபை பல வருடங்கள் அந்த எண்ணெய் நிறுவனங்களோடு பேசிப் பார்த்துவிட்டு 2023இல் பெரிய எண்ணெய், எரிவாயு நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்குவதாக அறிவித்தது.

ஆறாவது படி: சடங்கின் பலத்தைப் பயன்படுத்துங்கள்

சடங்கு என்றால் மேலோட்டமான அலங்காரம் என்று படித்தவர்கள் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாய்லாந்தில் 1980களின் பிற்பகுதியிலிருந்து பௌத்த பிக்குகள் சிலர், காடு அழிவதைத் தடுக்க மரங்களுக்குக் காவித் துணி சுற்றி அவற்றுக்குத் துறவு தீட்சை அளிக்கும் சடங்கைச் செய்தார்கள். மரம் துறவியாகிவிடாது என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் காவி சுற்றிய மரத்தில் கோடரி வைக்க மக்களுக்குக் கை வராது. இங்கே புதியவர்கள் பார்க்கத் தவறும் பாதி ஒன்று உண்டு: அந்தச் சடங்குக்கு முன்னால் பிக்குகள் கிராமத்தாரோடு பல முறை உட்கார்ந்து, கடன், பயிர், காட்டின் எல்லை எல்லாவற்றையும் பேசியிருந்தார்கள். அந்தப் பேச்சு நடக்காமல் துணியை மட்டும் சுற்றினால் அது போட்டோவோடு முடிந்துவிடும். தான்சானியாவின் பெம்பா தீவுக்கு அருகில் உள்ள மிசாலியில் வெடி வைத்து மீன் பிடிப்பதை அரசின் தடைகளால் நிறுத்த முடியாமல் இருந்தபோது, படைப்பைப் பாதுகாக்கும் பொறுப்பு மனிதனுக்குத் தரப்பட்ட அமானிதம் (நம்பி ஒப்படைக்கப்பட்டது) என்ற இஸ்லாமியப் போதனையை மீனவர்களிடையே எடுத்துச் சென்றதும் இதே வழிதான்.

உங்கள் வழிபாட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு நிமிடத்தைக் கண்டுபிடியுங்கள். விண்ணப்பங்கள் வாசிக்கும் நேரமோ, துஆ கேட்கும் நேரமோ, தீபம் காட்டும் நேரமோ எதுவாகவும் இருக்கலாம். அதில் அந்த வாரம் பாதிக்கப்பட்ட இடத்தின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள், ஆட்களின் பெயரை அவர்கள் அனுமதி இல்லாமல் சொல்ல வேண்டாம். புதிய விழா எதுவும் வேண்டாம்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

உதவியையும் மதத்தையும் முடிச்சுப் போடாதீர்கள். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் பேரிடர் உதவிக்காக 1994இல் ஏற்ற நடத்தை நெறியில், உதவியைக் கொண்டு எந்த மத, அரசியல் நிலைப்பாட்டையும் முன்னெடுக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. பசியோடு வரிசையில் நிற்பவரிடம் ஒரு துண்டுப் பிரசுரத்தை நீட்டுவது அவர் மறுக்க முடியாத நேரத்தைப் பயன்படுத்திக்கொள்வது. செய்யவே கூடாது.

“எல்லாம் விதி”, “அவர்கள் செய்த வினை”, “உலகம் எப்படியும் முடியப்போகிறது” என்ற பேச்சு உங்கள் வட்டத்தில் வரும், நல்லவர்கள் வாயிலிருந்தே வரும். அவர்களோடு தத்துவ வாதம் செய்ய வேண்டாம். அடுத்த முறை அந்தத் தெருவுக்குப் போகும்போது கூட அழைத்துக்கொண்டு போங்கள். மற்ற மதத்தாரையும் மதமில்லாதவரையும் சேர்த்துக்கொள்வதில் தயக்கம் இருந்தால், பொதுப் பிரார்த்தனை என்று குழப்பிக்கொள்ளாமல் பொது வேலையில் மட்டும் சேருங்கள், அவரவர் பிரார்த்தனை அவரவர் இடத்தில் நடக்கட்டும். சுற்றுச்சூழல் பெயரைச் சொல்லி யாராவது இன்னொரு சமூகத்தின் வழிபாட்டைக் கேலி செய்ய ஆரம்பித்தால் அன்றே நிறுத்துங்கள், மறுநாளைக்குத் தள்ளிப்போட்டால் பிறகு நிறுத்த முடியாது.

சோர்வு வரும்போது

வரும், அதில் சந்தேகமே இல்லை. வியட்நாம் போரின்போது பௌத்தத் துறவி திக் நாட் ஹானும் அவரோடு இருந்தவர்களும் ஒரு தர்மசங்கடத்தில் இருந்தார்கள்: மடத்துக்குள் தியானம் செய்வதா, வெளியே போய்க் குண்டுவீச்சில் சிக்கியவர்களைப் பார்ப்பதா? இரண்டையும் செய்வது என்று முடிவெடுத்தார்கள். வெளியே வேலை செய்தவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளை முழுக்க விழிப்புணர்வுப் பயிற்சிக்காக ஒதுக்கச் சொன்னார் அவர், அவ்வளவு அவசரமான சூழலிலும். உங்களுக்கு ஒரு நாள் முடியாவிட்டால் அரை நாள். அந்த நேரத்தில் குழுவின் வாட்ஸ்அப்பை யாரும் திறக்கக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள், ஒருவர் மட்டும் ஓய்வெடுத்து மற்றவர் வேலை செய்தால் ஓய்வெடுப்பவருக்குக் குற்ற உணர்வுதான் மிஞ்சும்.

கடைசியாக ஒன்று, இது ஆறாவது மாதத்தில் செய்ய வேண்டியது. நீங்கள் மட்டும் செய்யும் வேலைகளை எழுதுங்கள்: சாவி யாரிடம், மீட்டர் யார் பார்ப்பது, வார்டு அலுவலகத்தில் யாரிடம் பேசுவது, அந்தத் தெருவில் எந்தப் பெரியம்மாவிடம் முதலில் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேராக இன்னொருவர் பெயரை எழுதி, அடுத்த ஒரு மாதம் அவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த மாதம் நீங்கள் ஒரு கூட்டத்துக்குப் போகாமல் இருங்கள். கூட்டம் நடந்ததா என்று மறுநாள் கேட்டுக்கொள்ளலாம்.